சின்னவரைப் பற்றி அரைப் பக்கம்

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'உம் மேடம்'. வருடா வருடம் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அந்தப் பெயரைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். சீனியர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் வகுப்பில் ஒரு பையனை எதிரே உட்காரவைத்து, "இன்னிக்குக் காலையில எழுந்ததிலிருந்து என்ன நடந்துச்சு, சொல்லு" என்பார். அவன் பல் தேய்த்தது, பஸ்ஸைக் கோட்டைவிட்டது என்று ஆரம்பிப்பான். மேடம் "உம்" என்பார். கொஞ்சம் இழுத்து ஒரு 'உம்', வெட்டினாற்போல ஒரு 'உம்', கேள்வி மாதிரி ஒரு 'உம்'. வேறு ஒரு வார்த்தை வராது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன், தான் அப்பாவோடு பேசி ஒரு வருடமாகிற கதையில் வந்து நிற்பான். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே மேடம் கையை உயர்த்திவிடுவார். "போதும்பா. மீதி உங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்." பிறகு வகுப்பைப் பார்த்து, "எங்க நிறுத்தினேன்னு பாத்தீங்களா? அதுதான் பாடம்" என்பார்.

கல்லூரிக்கு வருமுன் அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் மனோதத்துவ நிபுணராக இருந்தார். ஆளுமை மதிப்பீடு என்றால் அங்கே கேள்வித்தாள்தான். 'எனக்குக் கூட்டம் பிடிக்கும்: ஆம், இல்லை. எனக்கு அடிக்கடி தலை வலிக்கும்: ஆம், இல்லை' என்று பக்கம் பக்கமாகப் போகும். நோயாளிகள் கடனே என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். மேடம் கூட்டிக் கழித்து, கோடு வரைந்து, இவர் இன்ன மாதிரி ஆள் என்று எழுதிக் கொடுப்பார். ஒருநாள் லிப்டில் ஓர் அம்மாள் சிரித்து வணக்கம் சொன்னார். மேடத்துக்கு யாரென்றே தெரியவில்லை. முந்தின வாரம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்த ஆள் அவர் என்று நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. அந்த அவமானம் மேடத்தை விட்டுப் போகவேயில்லை. ஆளைப் பார்க்காமல் ஆளைப் பற்றி எழுதக்கூடாது, எதிரே உட்கார்ந்து பேசத் தெரியாதவனுக்கு மனோதத்துவப் பட்டம் எதற்கு என்று சொல்லிச் சொல்லியே கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்த அவர் கணவருக்கு இதில் ஒரே ஒரு புகார்தான். "வீட்டுக்கு வந்தா கைப்பையோட சேர்த்து அந்த உம்-மையும் ஆணியில மாட்டிடு. நான் பாட்டுக்கு ஆபீஸ் வம்பு பேச ஆரம்பிச்சு என் குலம் கோத்திரமெல்லாம் சொல்லிடறேன்."

மேடம் நடத்திய நேர்காணல் வகுப்பு வேறு எங்கும் இல்லாதது. மாணவர்கள் ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துப் பழகுவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. "நீ அவனைக் கேப்பே, அவன் உன்னைக் கேப்பான், ரெண்டு பேரும் சேர்ந்து கேன்டீன் போவீங்க. அதுல என்ன வந்துச்சு?" வெளியிலிருந்து ஆட்களை அழைத்துவருவார். பஸ் கண்டக்டர், அழகு நிலையம் வைத்திருக்கும் பெண், ஓய்வுபெற்ற தபால்காரர், இப்படி. துறையில் ஒரு சின்ன அறை இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் அகலமான கண்ணாடி. அறைக்குள் இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரியும். அடுத்த அறையில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். வருகிறவரிடம் இதை முன்பே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் உட்காரவைப்பார்கள். ஒரு மணி நேரம் பேச்சு. அதன்பின் பேட்டி எடுத்தவர் அந்த மனிதரின் குணத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து அவரையே மறுபடி அழைத்து, எழுதியதை அவருக்கே படித்துக் காட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் மேடத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. "முகத்துக்கு நேரா படிக்க முடியாததை முதுகுக்குப் பின்னாடி எழுதாதே" என்பார். துறைத்தலைவர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "வெந்நீரை மேல ஊத்திட்டு, சுடுதான்னு கேக்கற மாதிரி இருக்கு மேடம் நீங்க பண்றது." மேடம் சிரித்து மழுப்பிவிடுவார். இத்தனை வருடத்தில் யாரும் வருத்தப்பட்டதில்லை. அழகு நிலையக்காரி தன்னைப் பற்றி எழுதியதைக் கேட்டுவிட்டு, "இதை என் மாமியார்கிட்ட படிச்சுக் காட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த வருடத்து வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் 'வக்கீல்'. கூர்மையான பெண். ஆனால் கேள்வி கேட்டால் கூண்டில் ஏற்றியதுபோலத்தான் கேட்பாள். தபால்காரரிடம், "அப்படின்னா நீங்க முதல்ல சொன்னது பொய்யா?" என்று கேட்டாள்; தண்ணீர் குடிக்க எழுந்து போன மனிதர் திரும்பி வரவேயில்லை. மேடம் அவளைத் தனியே கூப்பிட்டு மாதக்கணக்கில் பழக்கினார்.

"கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடு. நாக்கு அரிக்கும். கையைக் கோத்துக்கோ, விரலை எண்ணு, என்ன வேணா பண்ணு. பேசாதே."

"அவங்களும் பேசலைன்னா மேடம்?"

"அதுவும் பதில்தான். உக்காந்திரு."

வக்கீலின் கடைசி நேர்காணலுக்கு மேடமே ஆள் தேடினார். கல்லூரிக்குப் பின் தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. அண்ணன் தம்பி இருவர் நடத்தியது. அண்ணன் முன்னால் கல்லாவில் இருப்பார், வாடிக்கையாளரிடம் பேசுவார், பிரேம் எடுத்துக் காட்டுவார். எல்லோருக்கும் அவர் பெரியவர். தம்பி உள்ளே ஒரு தடுப்புக்குப் பின்னால், மெஷினில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பிரேமில் பொருத்திக்கொண்டிருப்பார். அவர் சின்னவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், இன்னும் சின்னவர்தான். மேடம் தன் கண்ணாடிக்கு ஒரு திருகு மாட்டப் போனபோது அவரைக் கேட்டார். சின்னவர் அண்ணனைப் பார்த்தார். பெரியவர், "போயிட்டு வாயேன்டா, படிக்கிற பசங்களுக்கு உபகாரமாப் போகட்டும்" என்றார். சின்னவர் தலையாட்டினார்.

நேர்காணல் நன்றாக நடந்தது. மேடத்தின் இத்தனை வருட வகுப்புகளிலேயே அதுபோல ஒன்று நடந்ததில்லை என்றுகூடச் சொல்லலாம். சின்னவர் முதலில் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் "நல்லாத்தாங்க போகுது", "ஒண்ணும் குறையில்லைங்க" என்றார். வக்கீல் அவசரப்படவில்லை.

"கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

சின்னவர் சிரித்தார். "கோபமா? எனக்கு அதெல்லாம் வராதுங்க."

வக்கீல் பேசவில்லை. அடுத்த அறையில் மேடம் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்கு முன்னால் சாய்ந்தார். அந்தப் பெண்ணின் விரல்கள் மேசைக்கடியில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. சின்னவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"வரும்போல இருக்கும்," என்றார். "அப்புறம் வயித்து வலி வந்துடும்."

அங்கிருந்து கொட்டியது. இளம்வயதில் வேறு ஊரில் ஒரு பயிற்சிக்கூடத்தில், கண்ணாடி செய்யக் கற்றுத்தரும் வேலைக்கு அவரைக் கூப்பிட்டார்களாம். அண்ணன் ஒரு பார்வை பார்த்தாராம். அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. இவர் தலையாட்டிவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததும் அண்ணன், மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று முடிவு செய்ததும் அண்ணன். "அப்பா போனப்புறம் என்னைத் தூக்கி வளத்தது அவர்தானுங்க. ஒரு குறை வச்சதில்ல. எனக்கு அண்ணன்னா உசிரு" என்று சொல்லும்போது சின்னவரின் கை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அடுத்த அறையில் எல்லோரும் பார்த்தார்கள்.

வக்கீல் எழுதி எடுத்துவந்த அரைப் பக்கத்தை மேடம் படித்தார். அதன் நடுவே இந்த இரண்டு வாக்கியங்களும் இருந்தன. 'பிறருடைய கோபம் இவருக்குத் தாங்க முடியாத பயம். அந்தப் பயத்தைத்தான் இவர் இத்தனை காலம் அன்பு என்று நினைத்துவந்திருக்கிறார்.' மேடம் அதன் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு டிக் போட்டு, 'அருமை' என்று எழுதினார். கேள்வியால் ஆளைத் துரத்தியடித்த பெண், ஒரு மனிதரின் வயிற்றில் இருந்த கையைப் பார்த்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்ற பூரிப்பு. ஒரு மணி நேரப் பேச்சை வைத்து இவ்வளவு அடித்துச் சொல்லலாமா, அண்ணன் தரப்பு என்னவென்று நமக்குத் தெரியுமா என்று எந்த மாணவரிடமும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை. வாக்கியம் அவ்வளவு அழகாக இருந்தது.

அடுத்த வாரம் சின்னவர் வந்து உட்கார்ந்தார். வக்கீல் நிதானமாகப் படித்தாள். முடித்ததும் அவர், "அந்த இடத்தை இன்னொரு தடவை படிம்மா" என்றார். படித்தாள். "இன்னொரு தடவை." மூன்றாம் முறை அவர் உதடுகள் கூடவே அசைந்தன. காகிதத்தைக் கேட்டார். கொடுக்கும் வழக்கமில்லை என்று சொன்னார்கள். "பரவாயில்லைங்க, மனசுல ஏறிடுச்சு" என்று கைகூப்பிவிட்டுப் போனார். அவர் முகம் தெளிவாகத்தான் இருந்தது என்று மேடம் கணவரிடம் அன்று மாலை சந்தோஷமாகச் சொன்னார்.

தேர்வுகள் நெருங்கிய சமயம் ஒரு காலை வேளையில் ஒரு பெண் துறைக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள். தலை சீவிக்கூட வரவில்லை. வராண்டாவில் நின்றுகொண்டே சத்தமாகக் கேட்டாள். "இங்க கேள்வி கேக்கற அம்மா யாரு?"

மேடம் அறையிலிருந்து எழுந்து வந்தார். அந்தப் பெண் சின்னவரின் மனைவி. மேடத்தின் பின்னாலேயே அறைக்குள் வந்தவள், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரரை என்ன பண்ணினீங்க? சொல்லுங்க. நல்லா இருந்த மனுஷன்."

நடந்ததை அவள் சொன்னாள். ஒரு பெரிய குடும்பம் கண்ணாடி வாங்க வந்திருந்த நேரம். சின்னவர் ஒரு லென்ஸைக் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டார், பிரேமில் நிற்கவில்லை. பெரியவர் எப்போதும்போல, "கண்ணாடிக் கடையில உக்காந்துக்கிட்டே கண்ணு தெரியலையாடா உனக்கு" என்றார். என்றைக்கும் சொல்வதுதான். அன்றைக்குச் சின்னவர் மெஷினை நிறுத்திவிட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார். வாடிக்கையாளர்கள் எல்லோர் முன்னாலும், பாடம் ஒப்பிக்கிறாற்போல, "அண்ணே, எனக்கு உங்க மேல இருக்கறது பயம். அதை இவ்வளவு நாளா அன்புன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். சின்னவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர்தான். கடைக்கும் வரவில்லை, கடைக்கு மேலேயே இருந்த வீட்டுக்கும் வரவில்லை.

"சைக்கிள் கடைக்கு மேல ஒரு அறையில இருக்கார். கூப்பிட்டா, அங்க வந்தா மறுபடி தலையாட்டிடுவேன்ங்கறார். மாடியில நானும் என் பொண்ணும் இருக்கோம். கீழ கடையில எங்க மச்சாண்டார், அவரோட அண்ணன், யார்கூடவும் பேசறதில்ல. சாப்பாட்டுத் தட்டுல கையை வச்சிட்டு அப்படியே உக்காந்திருக்கார். என்னைப் பார்த்தா, என்னமோ நான்தான் தூண்டிவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கறார். நான் எந்தப் பக்கம் போறது?"

"உம்," என்றார் மேடம். வேண்டுமென்று சொல்லவில்லை. அது பழக்கத்தில் வந்துவிட்டது.

"உம் கொட்டாதீங்க!" அந்தப் பெண் மேசையில் ஓங்கித் தட்டினாள். "நான் உங்ககிட்ட கதை சொல்ல வரலை. பதில் சொல்லுங்க. அவர் மனசுல இருந்ததை எடுத்தீங்களே, திருப்பி எப்படி வைப்பீங்க?"

மேடம் வாய் திறந்தார். என்ன சொல்வது? இது மாணவர்கள் பழகிப் பார்ப்பதற்காகச் செய்வது என்றார். உங்கள் கணவர் சம்மதித்துத்தான் வந்தார் என்றார். சொல்லும்போதே இரண்டும் எவ்வளவு கேவலமாக ஒலிக்கின்றன என்று அவருக்கே கேட்டது. அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பழகறதுக்கு எங்க வீடுதான் கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வராண்டாவில் நின்றவர்களில் வக்கீலும் இருந்தாள் என்பது மேடத்துக்கு அப்போது தெரியாது.

மறுநாள் மேடம் சைக்கிள் கடைக்குப் போனார். கிரீஸ் வாசனை வீசும் குறுகலான படியில் ஏறிப் போனால் ஒரே அறை, ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒரு பழைய மெஷின். வேறு கடைகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார் சின்னவர். மேடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மேடம். நீங்க வருவீங்கன்னு நினைச்சேன்."

"எப்படி இருக்கீங்க?"

"வயித்து வலி இல்லைங்க," என்றார் சின்னவர். பிறகு குரல் இறங்கியது. "தூக்கம்தான் வர்றதில்ல. பொண்ணு நினைப்பா இருக்கு. இருந்தாலும் நீங்க எழுதினபடிதான் நடந்துக்கிட்டிருக்கேன்."

மேடத்துக்குச் சுருக்கென்றது. "நாங்க எதையும் செய்யச் சொல்லி எழுதலையே."

"சொல்லலைதான். ஆனா அதானே அர்த்தம்?"

"இங்க பாருங்க. அது ஒரு படிக்கிற பொண்ணு, ஒரு மணி நேரம் உங்களோட பேசிட்டு எழுதினது. அதுல பாதி சரியா இருக்கலாம். பாதி தப்பாவும் இருக்கலாம்."

"தப்பா?" சின்னவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ அண்ணன் மேல எனக்கு இருக்கறது அன்புதானா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு எப்படித் தெரியும்? படிச்சவங்க நீங்க. உள்ள இருக்கறதைப் பார்க்கத் தெரிஞ்சவங்க. நீங்க சொல்லுங்க. வீட்டுக்குப் போன்னா இப்பவே சட்டையை மாட்டிட்டுக் கிளம்பறேன். வேணாம்னா இங்கயே இருந்துடறேன்."

அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பையன் மாதிரி, மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மேடத்துக்கு உண்மையான பயம் வந்தது. இந்த மனிதர் எங்கிருந்தும் விடுபட்டு வந்துவிடவில்லை. அண்ணனுக்கு ஆட்டிய தலையை இப்போது ஒரு காகிதத்துக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறார். போ என்றாலும் போவார், இரு என்றாலும் இருப்பார். எதைச் சொன்னாலும் அது இன்னொரு பெரியவர் சொன்னதாகத்தான் போய்ச் சேரும்.

"நான் சொல்ல முடியாது," என்றார். "சொல்லக் கூடாது. இந்த மாதிரி விஷயத்துக்குன்னே உக்காந்து நிதானமாப் பேசற ஒருத்தரை எனக்குத் தெரியும். மாணவர் இல்ல, அனுபவம் உள்ளவர். நான் கூட்டிட்டுப் போறேன். அங்க உங்களைப் பத்தி யாரும் எழுதிப் படிச்சுக் காட்ட மாட்டாங்க."

சின்னவரின் முகத்தில் இருந்த மலர்ச்சி அணைந்துவிட்டிருந்தது. "சரிங்க," என்று தலையாட்டினார்.

படியிறங்கி வந்த மேடம், அப்படியே போய்விட மனமில்லாமல் கண்ணாடிக் கடைக்கும் போனார். பெரியவரைத் தன் மனதில் ஒரு கொடுங்கோலனாக எழுதி வைத்திருந்தார் அவர். கல்லாவில் இருந்தவர் ஷேவ் செய்யாத முகத்தோடு, யாருடைய கண்ணாடியிலோ திருகு மாட்ட முயன்று, தவறவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். தான் யார் என்று மேடம் சொன்னதும் அவர் கோபப்படவில்லை.

"நான் அவனை ஒரு அடி அடிச்சதில்லைங்க. அவன் சாப்பிடாம நான் சாப்பிட்டதில்ல. என்னைப் பார்த்துப் பயந்தானாமே. எனக்குத் தெரியவே தெரியாது." கல்லா விளிம்பைத் தடவினார். "எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே."



துறைத்தலைவர் விஷயத்தைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டனுப்பினார். அவர் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. அதுவே மேடத்துக்குக் கூடுதல் வலியாக இருந்தது. இனி வெளியாட்கள் வேண்டாம் என்றார். மேடம் முதல்முறையாக வாதாடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு கொஞ்ச நாள் கழித்து, தூக்கம் கெட்டு யோசித்து, மறுபடி போய் நின்றார். வெளியாட்கள் வரட்டும், படித்துக் காட்டுவது வேண்டாம். எழுதியதைப் பேட்டி கொடுத்தவர் கையிலேயே ஒரு பென்சிலோடு கொடுப்போம், 'இது நான் இல்லை' என்று அவர் அடிக்கிற வரியை அடித்துவிடுவோம். பேட்டி முடிந்தபிறகு ஒருமுறை இல்லை, பலமுறை நான் போய்ப் பார்க்கிறேன் என்றார். தலைவர், ஒரு வருடம் போகட்டும் என்றார்.

வக்கீலிடம் பேசியதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். மேடம் அவளை நூலகத்தில் கண்டுபிடித்தார்.

"தப்பு உன்னோடது இல்லம்மா. எழுதறது உன் வேலை. நிறுத்தறது என் வேலை. நான் நிறுத்தலை. டிக் போட்டேன்."

"நீங்க டிக் போட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா மேடம்?" என்றாள் அவள். கண்ணில் நீர் இல்லை. குரல் மட்டும் வறண்டு கிடந்தது. "அவர் மூணு தடவை படிக்கச் சொன்னப்போ, நான் எவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்னுதான் நினைச்சேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்ல."

மேடம் என்னென்னவோ சொன்னார். இப்படி உறுத்துகிறவள்தான் இந்த வேலைக்கு வேண்டும், உறுத்தாதவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள், தேர்வும் எழுதினாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். ஆனால் பேட்டி நாற்காலியில் அவள் மறுபடி உட்காரவேயில்லை. பட்டம் வாங்கியதும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. அத்தனை வருடத்தில் வந்த பிள்ளைகளில் மனிதர்களை அப்படிப் பார்க்கத் தெரிந்த கண் வேறு யாருக்கும் இருந்ததில்லை என்று மேடம் கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அந்த நாட்களில் கணவர் கேலி செய்வதை விட்டிருந்தார்.

சின்னவர் விஷயம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது, முடியாமல் போனது என்றும் சொல்ல முடியாது. மேடம் அழைத்துப்போன ஆலோசகரிடம் அவர் கொஞ்ச காலம் போனார். பிறகு நின்றுவிட்டார். சைக்கிள் கடை மாடியை விட்டு இரண்டு அறை உள்ள ஒரு வீட்டைப் பிடித்தார். அவர் மனைவி பல மாதம் பிடிவாதமாக இருந்துவிட்டு, மகள் அப்பாவைப் பார்க்காமல் இளைத்துப்போனாள் என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தாள். மேடத்தைத் தெருவில் கண்டால் அவள் இன்னமும் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறாள். பெரியவர் கடையில் தடுப்புக்குப் பின்னால் ஒரு புது ஆளை வைத்தார். அவன் நின்றுவிட்டான். இன்னொருவனை வைத்தார்.

ஒரு மதியம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மேடத்துக்குப் போன் வந்தது. சின்னவர்.

"மேடம், அண்ணன் வந்திருந்தார். வீட்டுக்கே வந்தார். உள்ள வரலை, வாசல்லயே நின்னுட்டு, கடைக்கு வந்துடுடான்னார். குரல் பழைய குரலா இல்லைங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

மேடத்துக்கு நெஞ்சு ஒரு கணம் லேசானது. அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை. ஆனால் அடுத்த நிமிடமே சந்தேகமும் வந்தது. நிஜமாகவே யோசிக்கப் போகிறாரா, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லப் பயந்து அப்படிச் சொன்னாரா? கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

"அப்படிச் சொன்னது சரிதானுங்களே மேடம்?" என்றார் சின்னவர்.

மேடம் சிவப்புப் பேனாவை மூடிக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் சின்னவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலைங்க," என்றார் மேடம். "நிஜமாவே தெரியலை."

சின்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிங்க. பொண்ணைப் பள்ளிக்கூடத்துலயிருந்து கூட்டிட்டு வரணும், நேரமாச்சு. வச்சிடறேன்."